கடைசி வரியில் ஒரு தேதி

மே 25

சீசன் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் 71-ஆவது நிமிடம் இறக்கினார்கள். அதற்குள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். ஜெயித்தாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் யாருக்கும் எதுவும் மாறாத ஆட்டம்.

லாக்கரைக் காலி செய்யும்போது, அணியின் ஜெர்சி, பூட்ஸையெல்லாம் பார்த்துக்கொள்கிற கிட் மேன் வந்து நின்றார். "பூட்ஸை இங்கயே வச்சிட்டுப் போறியா தம்பி, எடுத்துட்டுப் போறியா?" வருஷா வருஷம் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எடுத்துப் போகிறேன் என்றேன். மூன்று ஜோடி. ஒன்றில் ஸ்டட்டுகளுக்கு நடுவே மண் காய்ந்து ஒட்டியிருந்தது. தட்டாமல் அப்படியே பையில் போட்டேன்.

ஒப்பந்தம் ஜூன் 30 வரை. நீட்டிப்பார்களா என்று மார்ச்சிலிருந்து கேட்கிறேன். "சீசன் முடியட்டும், பேசுவோம்" என்றே சொல்லிவந்தார்கள். சரி, சீசன் முடிந்துவிட்டது.

மே 27

ஃபிட்னஸ் கோச் ஆறு வார அட்டவணை அனுப்பியிருக்கிறார். முதல் பத்து நாள் ஓடவே கூடாது. நடை, நீச்சல், தூக்கம். அப்புறம் மெதுவான ஓட்டம். மூன்றாம் வாரத்திலிருந்து எடைப் பயிற்சி. ஐந்தாம் வாரம் வேக ஓட்டம், திசை மாற்றி ஓடுவது. கடைசி வரியில், "ஜூலை 7, காலை 8 மணி, பயிற்சி மைதானம்."

ஜூலை 7. என் ஒப்பந்தம் முடிந்து ஒரு வாரம் கழித்து.

மூன்று தடவை படித்தேன். வெளியே அனுப்பப்போகிறவனுக்கு இப்படி ஒரு தேதி கொடுப்பார்களா? மனைவியிடம் காட்டினேன். "எல்லாருக்கும் ஒரே ஃபைலைத்தானே அனுப்பியிருப்பார்?" என்றாள். அனுப்பிய முகவரிகளைப் பார்த்தேன். இருபத்தாறு பேர். கழுத்து வலி என்று பிப்ரவரியிலேயே ஓய்வு அறிவித்துவிட்ட ரிசர்வ் கோல்கீப்பர் உட்பட.

மே 31

ஓய்வு. ஓய்வும் பயிற்சியில் ஒரு பாகம்தான் என்பார்கள். போனை வேறு அறையில் வைத்தால் உண்மைதான்.

ஜூன் 4

ஏஜென்ட் கூப்பிட்டார். இரண்டு கிளப்பில் விசாரித்திருக்கிறாராம். "நல்லாத்தான் பேசுறாங்க" என்றார். நான்கு வருஷப் பழக்கத்தில் அந்த வாக்கியத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். இன்னும் ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் எந்தக் கிளப்போடும் பேசி, அடுத்த சீசனுக்குக் கையெழுத்தே போட்டுவிடலாம். ஃபிஃபா விதி. ஜனவரியில் எனக்கு அது நன்றாகவே தெரியும். அப்போது தொடர்ந்து பதினோரு ஆட்டம் முதல் அணியில் ஆடியிருந்தேன், இவர்களே நீட்டிப்பார்கள் என்ற மிதப்பு. பிப்ரவரியில் இடது தொடையின் பின்தசை கிழிந்தது. ஏழு வாரம். திரும்பி வந்தபோது என் இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான், நன்றாகவே ஆடினான், அதுதான் சங்கடம்.

ஏஜென்ட் சொல்கிறார், "ஃப்ரீயா கிடைக்கிறது உனக்கு ப்ளஸ்." அந்த ப்ளஸ் சும்மா வந்ததில்லை. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை, அங்கே ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கும் பழைய கிளப் விலை கேட்க முடிந்தது. பெல்ஜியத்தில் லீஜ் அணிக்கு ஆடிய ஜான்-மார்க் போஸ்மன் அப்படித்தான் 1990-இல் மாட்டிக்கொண்டார். வழக்கு ஐந்து வருஷம் இழுத்து, அவருடைய ஆட்டக் காலத்தையே தின்றுவிட்டது. அவர் புண்ணியத்தில் இன்று என்னை யாரும் பிடித்து வைக்க முடியாது. யாராவது பிடித்து வைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிற ஒரு ஜூன் மாதத்தில் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 12

தொடைப் பின்தசைக்கு நார்டிக். முட்டி போட்டு உட்கார வேண்டும். கணுக்காலை யாராவது அமுக்கிப் பிடிக்க வேண்டும். தலையிலிருந்து முட்டிவரை உடம்பைப் பலகைபோல விறைப்பாக வைத்துக்கொண்டு, விழாமல் விழ வேண்டும். எவ்வளவு மெதுவாக விழுகிறோமோ அவ்வளவு பலன். கிளப்பில் பிடித்துக்கொள்ள ஃபிசியோ இருப்பார். இங்கே மகள். ஏழு வயது. என் கணுக்கால் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் முன்னால் சாய்ந்ததும் என் கால் தூக்க, அவளும் மேலே போனாள். அவளுக்கு ஒரே குஷி, "இன்னொரு தடவை." கடைசியில் அவள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று செட் முடித்தேன். நாலாவதாகச் சாயும்போது இடது காலில், கிழிந்த அதே இடத்தில், ஒரு கயிறு முறுகுவதுபோல இருந்தது. வலி இல்லை. வலிக்கு முன்னால் வருகிற ஒன்று. நிறுத்தி, விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி சாய்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 13

மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூன் 18

கிளப் புதிதாக ஒரு லெஃப்ட் பேக்கை, அதாவது என்னைப்போல இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனை, எடுத்திருக்கிறது. எல்லோரையும்போல நானும் போனில்தான் தெரிந்துகொண்டேன். ஜெர்சியைப் பிடித்துச் சிரிக்கிற படம். பெரிதாக்கி எண்ணைப் பார்த்தேன். 3. என் எண் இல்லை. அரை நிமிடம் ஆறுதலாக இருந்தது.

அப்புறம் கணக்குப் போட்டேன். அணிக்கு லெஃப்ட் பேக் இரண்டு பேர் போதும். பையன் ஒருவன், இவன் ஒருவன். மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற கிளப்பை நான் பார்த்ததில்லை.

குழு வாட்ஸ்அப்பில் வரவேற்பு மழை. நான் என்ன போடுவது? எதுவும் போடாவிட்டால் பொறாமை, நிறையப் போட்டால் நடிப்பு. கட்டைவிரல் ஒன்று போட்டேன். ஐந்து நிமிடத்தில் அந்தப் பையன் தனியாக மெசேஜ் அனுப்பினான்: "அண்ணா, உங்களுக்கு ஏதாவது சொன்னாங்களா?" அவனுக்கும் பயம். அவன் இடத்துக்கும்தானே ஆள் வந்திருக்கிறது.

ஜூன் 23

சொல்லிவிட்டார்கள். அழைப்பு நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதில் ஒரு நிமிடம் லைன் சரியாகக் கேட்கவில்லை. பேசியவர் நல்லவர், நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை ஏப்ரலில் சொல்லியிருக்கலாம். அப்போது கிளப்புகள் ஆள் தேடிக்கொண்டிருந்தன.

மாலையில் மீடியாவைப் பார்த்துக்கொள்கிற பெண் ஐந்து படம் அனுப்பி, நன்றி சொல்லும் பதிவுக்கு எது வேண்டும் என்று கேட்டார். த்ரோ-இன் எடுக்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் பாதி முகத்தைப் பந்து மறைத்திருக்கிறது.

ஜூன் 30

அட்டவணைப்படி இன்று வேக ஓட்டம், 30 மீட்டர், எட்டு முறை. ஆறோடு நிறுத்திவிட்டேன்.

களைப்பினால் அல்ல. இன்று நள்ளிரவோடு கிளப்பின் மருத்துவக் காப்பீடு முடிகிறது. இதுவரை காயம் பட்டால் ஸ்கேன், ஃபிசியோ, சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில். நாளையிலிருந்து தசை கிழிந்தால் அது என் தசை, என் செலவு, அதோடு என் அடுத்த ஒப்பந்தமும். ஏழாவது ஓட்டத்துக்குக் கோட்டில் நின்றபோது இது மண்டைக்குள் வந்தது. அது வந்த பிறகு முழு வேகத்தில் ஓட முடியாது. ஓடாவிட்டால் தயாராக முடியாது. ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன். "பெரிய ஆளாயிட்டான்" என்று சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 7

காலை 8 மணிக்கு அவர்கள் எல்லோரும் அங்கே இருந்திருப்பார்கள்.

நானும் 8 மணிக்கு மைதானத்துக்குப் போனேன். தனியாக யோ-யோ டெஸ்ட் எடுத்தேன். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கியது. 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்ப வேண்டும், பத்து வினாடி நடை, மறுபடி. பீப் சத்தம் நெருங்கிக்கொண்டே வரும், நாம் தோற்கும்வரை. போனைக் கோட்டில் வைத்து, ஸ்பீக்கர் சத்தம் போதாமல், ஒரு பிளாஸ்டிக் கோனைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். சத்தம் கொஞ்சம் கூடியது. போன ப்ரீ-சீசனில் எடுத்ததைவிட இரண்டு சுற்று அதிகம் ஓடினேன். முப்பது வயதில். குறித்த நாளில், குறித்த நேரத்தில், உடம்பு சொன்னபடி கேட்டது. குறித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நானே மூச்சு வாங்கிக்கொண்டு போனில் எழுதினேன்.

பிரச்சினை இனிமேல்தான். அட்டவணை முடிந்துவிட்டது. உச்சத்துக்கு வந்த உடம்பை அங்கேயே நிறுத்தி வைக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தால் முதலில் போவது மூச்சு. தசை பலம் அதைவிடக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். சரி, தினமும் முழு வேகத்தில் ஓடலாம் என்றால் பின்தசை விடாது. ஒரு தேதி இருந்தால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று போடலாம். நாளைக்கே போன் வரலாம், செப்டம்பரிலும் வரலாம். நாள் தெரியாத பரீட்சைக்கு எந்தக் கோச்சும் அட்டவணை போட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 13

அப்பா போன். "டேய், அந்த டி கேயா ஒரு வருஷம் கிளப்பே இல்லாம இருந்தான் தெரியுமா?"

தெரியும். 2023 ஜூன் 30 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த சீசன் முழுக்க எங்கேயும் ஆடவில்லை. 2024 ஆகஸ்டில் ஃபியோரெண்டினா எடுத்தது. அக்டோபரில் மிலானுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தடுத்தார்.

"அவர் கோல்கீப்பர்ப்பா. நான் ஓடணும்."

"அவன் மட்டும் உட்கார்ந்தா இருந்தான்?" என்றார். கோல்கீப்பரின் வேலைபற்றி அப்பாவோடு வாதம் செய்வதில் பயனில்லை. பேச்சை முடிக்கும் முன், டிரான்ஸ்ஃபர் சாளரம், அதாவது கிளப்புகள் புது ஆட்களைப் பதிவு செய்யும் காலம், மூடிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். எனக்கு அந்தக் கவலை குறைவு என்று விளக்கினேன். சாளரம் மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்தவனை அதற்கு அப்புறமும் பதிவு செய்யலாம். "அப்ப நல்லதுதானே" என்றார்.

நல்லதுதான். அதனால்தான் யாருக்கும் அவசரமும் இல்லை. முதலில் விலை கொடுத்து வாங்க வேண்டியவர்களை வாங்குவார்கள். நான் எங்கே போய்விடப் போகிறேன்?

ஜூலை 19

ஒரு டிவிஷன் கீழே ஆடும் கிளப் டிரயலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. பத்து நாள். பிடித்துப்போனால் ஒரு வருஷ ஒப்பந்தம், கூடவே இன்னொரு வருஷத்துக்கு ஆப்ஷன். யாருடைய ஆப்ஷன் என்று கேட்டேன். "அவங்களோடதுதான்" என்றார் ஏஜென்ட், கொஞ்சம் தாமதித்து. அதாவது நான் நன்றாக ஆடினால் இதே சம்பளத்தில் இருக்க வேண்டும், ஆடாவிட்டால் கிளம்ப வேண்டும்.

இருந்தாலும் சரி என்றேன். பத்து நாள் மற்றவர்களோடு பந்து ஆடலாம் இல்லையா? பிரான்ஸில் ஆட்டக்காரர் சங்கமான யுஎன்எஃப்பி, கிளப் இல்லாதவர்களுக்குக் கோடையில் முகாம் போட்டு, கோச் வைத்து, நட்பு ஆட்டங்களும் ஏற்பாடு செய்கிறது. எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆறு வாரமாக, ஓரத்திலிருந்து கோல் முன்னால் நிற்பவனுக்குத் தூக்கிப் போடுகிற என் கிராஸையெல்லாம் வாங்கியது ஒரு சுவர்.

ஜூலை 24

இங்கே என் பெயர் "லெஃப்ட்". டிரயலுக்கு வந்த நாங்கள் நாலு பேர், சட்டைமேல் மாட்டுகிற, எண் இல்லாத ஆரஞ்சு பிப். கோச்சுக்கு யார் பெயரும் நினைவில் இல்லை. "லெஃப்ட், மேல ஏறு! லெஃப்ட், உள்ள வா!" பதின்மூன்று வருஷம் தொழில்முறை ஆட்டம் ஆடிவிட்டு ஒரு திசையாக மாறியிருக்கிறேன்.

மெடிக்கல் முதல் நாளே முடிந்தது. எம்ஆர்ஐ எடுத்தவர் பின்தசைத் தழும்பைத் திரையில் காட்டி, "ஆறிடுச்சு, ஆனா இருக்கு" என்றார். மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத ஃபிஃபா விடாது. அதனால் கிளப்புகள் எல்லாம் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் பேனா.

ஜூலை 29

பயிற்சி ஆட்டம். முதல் பாதி மட்டும் ஆடினேன்.

இருபது நிமிடம் பயந்து ஆடினேன். பந்து வந்ததும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டு நின்றேன். பிறகு விங்கர் உள்ளே வெட்ட, வெளிப்பக்கம் கோடு வரை காலியாக இருந்தது. யோசிக்க நேரமில்லை, கால் கிளம்பிவிட்டது. ஜூன் 30-இல் ஓடாமல் விட்ட ஏழாவதும் எட்டாவதும் அங்கே ஓடியதாகத்தான் நினைக்கிறேன். பின்தசை பேசவில்லை. பந்து வந்தது, கிராஸ் போட்டேன், முதல் டிஃபெண்டரின் இடுப்பில் பட்டுத் திரும்பியது. அசிங்கமான கிராஸ். அடுத்த நொடி அவர்கள் எதிர்த்தாக்குதல், எனக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. திரும்பி ஓடினேன், அறுபது எழுபது மீட்டர் இருக்கும். பெனால்டி பெட்டிக்குப் பக்கத்தில் பந்தோடு ஓடியவனைப் பிடித்து, பந்தை வெளியே தட்டினேன்.

கோட்டுக்கு வெளியே உதவிக் கோச் எதையோ எழுதினார். கிராஸை எழுதினாரா, திரும்பி வந்ததை எழுதினாரா தெரியாது.

ஆகஸ்ட் 2

பத்து நாள் நேற்றோடு முடிந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை, அதனால் இன்றும் போனேன். டிரயலுக்கு வந்த மற்ற மூன்று பேரில் இரண்டு பேரைக் காணோம்.

பயிற்சி முடிந்து உட்கார்ந்திருந்தேன். இந்த கிளப்பின் கிட் மேன் சின்னப் பையன், காதில் பேனா செருகியிருப்பான். ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றான்.

"அண்ணே, பூட்ஸ் சைஸ் என்ன?"

ஒன்பது என்றேன். எழுதிக்கொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான்.