வக்கீல் மேஜையிலிருந்து நீதிபதி இருக்கைக்கு: மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு, என் அனுபவம்

பணி ஓய்வு பெற்றதிலிருந்து என்னைப் பார்க்க வரும் இளம் வக்கீல்கள் முதலில் கேட்பது, “மேடம், என்ன புக் படிச்சீங்க?” என்பதைத்தான். மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கு என்ன படிப்பது என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். தேறிய பிறகு என்ன நடக்கிறது, இத்தனை காலம் ஒரு பக்கத்துக்காகப் பேசிய ஆளை எப்படி நீதிபதியாக்குகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. பணியில் இருந்தவரை இதையெல்லாம் வெளியில் எழுத முடியாது. இப்போது எழுதலாம்.

முதலில் அடிப்படை விஷயம். முன்சீப், மாஜிஸ்திரேட் பதவிகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கும் பங்கு உண்டு; அது அரசியல் சாசனத்தின் 234ஆவது பிரிவு. மாவட்ட நீதிபதி பதவி 233ஆவது பிரிவில் வருகிறது. இங்கே தேர்வாணையத்துக்கு வேலையில்லை. உயர் நீதிமன்றமே அறிவிக்கை வெளியிட்டு, தேர்வு வைத்து, நேர்முகம் நடத்திப் பெயர்களைப் பரிந்துரைக்கும், ஆளுநர் நியமிப்பார். ஏழு ஆண்டுக்குக் குறையாமல் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். வயது 35 நிறைந்திருக்க வேண்டும். மொத்த இடங்களில் நான்கில் ஒரு பங்குதான் நேரடியாக வருபவர்களுக்கு. மீதி, கீழே பல ஆண்டு பணி செய்து பதவி உயர்வில் வரும் நீதிபதிகளுக்கு. 2002இல் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பங்கீடு இது.

அந்த ‘ஏழு ஆண்டு’ பலருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டிருக்கிறது. என்னோடு பதிவு செய்த தோழி ஒருத்தி சீக்கிரமே முன்சீப் ஆகிவிட்டாள். ஏற்கனவே நீதித்துறைப் பணியில் இருப்பதால் நேரடித் தேர்வு எழுத அவளுக்கு வழியில்லை என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிய அவளுக்குத் தகுதியில்லை, கீழே நின்று வாய்தா கேட்ட எனக்குத் தகுதி உண்டு! 2020இல் தீரஜ் மோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. 2025 அக்டோபர் 9ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வக்கீலாகவும் நீதிபதியாகவும் சேர்த்து ஏழாண்டு இருந்தால் போதும் என்றது. செய்தியைப் படித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். “நல்லா சொன்னாங்க போ, வீட்டுக்குப் போற நேரத்துல” என்றாள்.

சரி, தேர்வு. 2019இல் தமிழ்நாட்டில் முதல்நிலைத் தேர்வு எழுதிய 3,500க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை என்ற செய்தி பலருக்கு நினைவிருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது ஒரு காரணம். எனக்குத் தெரிந்து பெரிய காரணம் வேறு. பத்துப் பதினைந்து ஆண்டு தொழில் செய்தால் நாம் ஒரு மூலைக்குள் சுருங்கிவிடுகிறோம். நான் முழுக்க சிவில் பக்கம்: பாகப்பிரிவினை, உயில், விற்பனை ஒப்பந்தம், அவ்வளவுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைச் சட்டக் கல்லூரிக்குப் பிறகு ஒழுங்காகத் திறந்து பார்த்ததே இல்லை என்பதுதான் என்னைப் போன்ற பலரின் நிலை. எனவே கைடு வேண்டாம், பேர் ஆக்டை, அதாவது உரையில்லாத சட்ட மூலத்தை, அப்படியே படியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் விளக்கம், விதிவிலக்கு, உதாரணம் வரை படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே மனதில் வைத்தாக வேண்டும். பழைய வழக்குகள் இன்னும் பல காலம் பழைய சட்டத்தில்தான் ஓடும். படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

எழுத்துத் தேர்வு தாண்டியதும் காகித வேலை தொடங்குகிறது. பார் கவுன்சில் பதிவு, வருமான வரிக் கணக்கு, நடத்தி முடித்த வழக்குகளின் பட்டியல், தீர்ப்பு நகல்கள். பழைய தீர்ப்புக்கு நகல் மனு போட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நேர்முகத்துக்கு அழைத்த பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள்.

நேர்முகத்தில் எதிரே உயர் நீதிமன்ற நீதிபதிகள். சட்டப் பிரிவுகளாகக் கேட்டுத் துளைப்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். என் வழக்குப் பட்டியலைப் புரட்டிய ஒருவர், “இதில் நீங்கள் தோற்ற வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார். ஓர் உயில் வழக்கைச் சொன்னேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏறி, உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டார், வழக்கு போய்விட்டது.

“சாட்சி மறுத்தால் வேறு ஆதாரத்தால் நிரூபிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் 71 சொல்கிறதே?”

“இன்னொரு சாட்சி உயிரோடு இருந்தார், ஐயா. அவரைக் கூப்பிடாமல் 71க்குப் போக முடியாது.”

“ஏன் கூப்பிடவில்லை?”

“அவர் எதிர்த்தரப்போடு சேர்ந்துவிட்டார் என்று கட்சிக்காரர் மறுத்துவிட்டார்.”

“அப்படியானால் தீர்ப்பு சரியா, தவறா?”

சரிதான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பட்டியலை மூடினார். அடுத்தவர் கேட்டது: கொலை வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், தனக்கு வக்கீலே வேண்டாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யப்போவதும் இல்லை என்கிறான், அமர்வு நீதிபதியாக என்ன செய்வீர்கள்? இலவச சட்ட உதவி அவனுடைய உரிமை என்று சொல்லிப் புரியவைத்து, அரசு செலவில் ஒரு வக்கீலை அமர்த்திய பிறகுதான் விசாரணையைத் தொடங்குவேன் என்றேன். “அப்புறமும் அவன் வாய் திறக்கவில்லை என்றால்?” என்றார். நீதிபதியே சாட்சியிடம் கேள்வி கேட்கலாம், சாட்சியச் சட்டத்தின் 165ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது என்றேன். பதில் தெரிகிறதா என்பதைவிட, கட்சிக்காரர் இல்லாமலும் இந்த ஆளுக்கு யோசிக்க வருகிறதா என்பதைத்தான் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சிப்படி பட்டியல் தயாராகும். உயர் நீதிமன்றம் ஒப்புதல் தந்து அரசுக்கு அனுப்பும். போலீஸ் விசாரணை நடக்கும். மஃப்டியில் ஒருவர் தெருவில் எங்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனதும், எனக்கு ஏதோ பிரச்சினை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அரசாணை. இந்த இடைவெளியில் புதிய வழக்குகளை எடுக்கவும் முடியாது, இருப்பதை முழுக்க விடவும் முடியாது. நன்றாகச் சம்பாதிக்கும் வக்கீல்கள் இந்தக் கட்டத்தில்தான் யோசிக்கிறார்கள். இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின்படி மாவட்ட நீதிபதியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.1,44,840. மோசமில்லை. ஆனால் பெரிய ஊர்களில் வசதியான கட்சிக்காரர்களை வைத்திருக்கும் சீனியருக்கு அது இறக்கம்தான். சொந்த மாவட்டத்தில் போஸ்டிங் கிடைக்காது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்சி, சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியில். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் அதற்கு மண்டல மையங்கள் உண்டு. நடுத்தர வயதுக்காரர்களை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முதல் சில நாள் நாங்கள் எல்லாரும் விரிவுரையாளரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தோம். சிறை, தடய அறிவியல் ஆய்வகம் எல்லாம் கூட்டிப் போனார்கள். வாகன விபத்து இழப்பீட்டுக் கணக்கைப் போட்டுப் பழக்கினார்கள்: 2009இல் வந்த சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை இறந்தவருக்குப் பெருக்கம் (ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண்) 16, சார்ந்திருப்போர் இரண்டு மூன்று பேர் என்றால் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு, இப்படி. கால்குலேட்டர் இருந்தால் போதும், யாருக்கும் சிரமமில்லை.

சிரமம் வேறு இடத்தில் வந்தது. ஒரு பழைய கொலை வழக்குக் கட்டைப் பெயர்களை மாற்றி எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நகல் எடுத்துக் கொடுத்தார்கள். படித்துத் தீர்ப்பு எழுதி வர வேண்டும். சிலர் தண்டித்திருந்தார்கள், சிலர் விடுவித்திருந்தார்கள். வகுப்பு எடுத்தவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. யார் எழுதியது சரி என்று சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “313இல் எதிரி என்ன சொன்னான்? உங்கள் தீர்ப்பில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆவது பிரிவு தெரியாதவர்களுக்காக: அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும், எதிரிக்கு எதிராக வந்திருக்கும் ஒவ்வொரு சங்கதியையும் நீதிபதியே அவனிடம் தனித்தனியாகச் சொல்லி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க வேண்டும். புதிய சட்டத்தில் அது 351. நடைமுறையில் பெரும்பாலும் “பொய் சாட்சி”, “தெரியாது” என்றுதான் பதில் வரும். அதனால் எங்களில் பலர் ‘எதிரி குற்றத்தை மறுத்தார்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தோம். அந்தக் கட்டில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவன் நீளமாகப் பதில் சொல்லியிருந்தான். “அந்த அரிவாள் என் கடையில் இளநீர் வெட்டுவது, போலீஸ்காரர்கள் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.” பொருளை எங்கே எடுத்தார்கள் என்று போலீஸ் எழுதும் கைப்பற்றுதல் மகஜரோ, வீட்டுக்குப் பின்னால் புதரிலிருந்து எடுத்ததாகச் சொன்னது. மகஜர் சாட்சி இரண்டு பேரும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவையும் பார்த்த பிறகும் தண்டிக்கலாம், விடுவிக்கலாம், இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். ஆனால் அவன் சொன்னதைப் பற்றி ஒரு வரி பேசாமல் இரண்டில் எதையும் செய்ய முடியாது. விடுவித்து எழுதியவர்களிலும் பாதிப் பேர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று அவர் கொடுத்த யோசனையைப் பணி முடியும்வரை கடைப்பிடித்தேன். வக்கீலாக இருந்தபோது, தோற்ற வழக்கின் தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் சிவப்புப் பென்சிலால் மேல்முறையீட்டுக்கான காரணங்களைக் குறிப்போம் இல்லையா? அதையே நீங்கள் எழுதிய வரைவில் செய்யுங்கள் என்றார். வக்கீல் புத்தியை முழுக்கத் தூக்கி எறியச் சொல்லிக்கொண்டே இருந்த பயிற்சியில், இது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு மூத்த மாவட்ட நீதிபதியிடம் அனுப்பினார்கள். மேடையில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், பேசக் கூடாது. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என் வீட்டாருக்குத் தெரியும். ஒரு நாள் வக்கீல் ஒருவர் எழுந்து, சீனியர் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறார், வாய்தா வேண்டும் என்றார். நீதிபதி அவருக்குப் பதில் சொல்லாமல் கதவோரம் பார்த்தார். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் சாட்சி நின்றுகொண்டிருந்தார். “எந்த ஊரிலிருந்து வர்றீங்கம்மா? எத்தனாவது தடவை?” என்று கேட்டுவிட்டு, அவரைக் கூப்பிட்ட தரப்பின் முதல் விசாரணையை இப்போதே முடித்துவிடலாம், குறுக்கு விசாரணைக்கு மதியம் சீனியர் வரட்டும் என்று உத்தரவிட்டார். நானும் எத்தனையோ வாய்தா வாங்கியவள்தான். ஆனால் கீழே வக்கீல் மேஜையில் உட்காரும்போது கதவு நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேடையிலிருந்து பார்த்தால் அதுதான் நேர் எதிரே.

நேரடியாக வருபவர்கள் எதிர்கொள்ளும் இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். முன்சீப்பாகத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் தீர்ப்பு எழுதியவரும், நேற்றுவரை வக்கீலாக இருந்த நானும் ஒரே பதவியில். மதிய உணவு மேஜையில் மரியாதைக்குக் குறைவிருக்காது. சீனியாரிட்டி பட்டியல் பேச்சு வந்தால் மட்டும் அமைதியாகிவிடுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு அலுவலக நிர்வாகம், நாசர் (நீதிமன்றப் பணம் கையாளும்) பிரிவுக் கணக்கு, ஊழியர் விடுப்பு எல்லாம் கற்றுத் தந்தவர்கள் அவர்களும், நீதிமன்ற அலுவலகத் தலைவரான சிரஸ்தாரும்தான்.

உயர் நீதிமன்றத்துக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு அறிவிக்கை கிடையாது, விண்ணப்பம் கிடையாது, எழுத்துத் தேர்வும் கிடையாது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம் பெயரை முன்மொழியும். மாநில அரசின் கருத்து, ஒன்றிய சட்ட அமைச்சகம், உளவுத்துறை அறிக்கை, உச்ச நீதிமன்ற கொலீஜியம் என்று போய், குடியரசுத் தலைவர் ஆணை வர வேண்டும். 1993, 1998 தீர்ப்புகளில் உருவான முறை. இதை மாற்றக் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடம் மாவட்ட நீதிபதிகளுக்கு, மீதி வக்கீல்களுக்கு என்பது வழக்கம். எங்கள் ஓய்வு வயது 60, உயர் நீதிமன்றத்தில் 62. ஆகவே நாற்பதைத் தாண்டி நேரடித் தேர்வில் வருகிறவருக்கு முறை வருவதற்குள் வயது முந்திக்கொள்ளும். என்னோடு பயிற்சி பெற்றவர்களில் இளையவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு இருந்தது.

இதில் எனக்கு இன்றும் விளங்காதது ஒன்று. மாவட்ட நீதிபதியாகும் வக்கீலுக்கு அகாடமி உண்டு, பக்கத்து நாற்காலி உண்டு, 313 பாடம் உண்டு. நேராக உயர் நீதிமன்ற நீதிபதியாகும் வக்கீல் பதவியேற்றதுமே வழக்குகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். பெரும்பாலும் முதலில் மூத்த நீதிபதி ஒருவரோடு இருநீதிபதி அமர்வில் உட்காருவார், அதுதான் பயிற்சி. போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி கருத்தரங்குகள் நடத்துகிறது, ஆனால் அவை சில நாள் நிகழ்ச்சிகள். தொழில் முழுக்க வரி வழக்கு மட்டுமே நடத்திய ஒருவர், நாங்கள் எழுதிய மரண தண்டனையை உறுதி செய்வதா வேண்டாமா என்று பார்க்கும் அமர்வில் உட்கார நேரலாம். திறமைசாலிகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார்கள். எங்களையும் திறமைசாலிகள் என்று நம்பித்தானே எடுத்தார்கள், பிறகு ஏன் வகுப்பில் உட்கார வைத்தார்கள்?