பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு

நியூசிலாந்து கிளம்புகிறோம் என்றதும் தெரிந்தவர் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றைத்தான் சொன்னார்கள். "அங்க பாம்பே கிடையாது." உண்மைதான். இந்த நாட்டு மண்ணில் பாம்பு இல்லை, தேளும் இல்லை.

மன்னார்குடியில் வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கொல்லைப்பக்கம் போகுமுன் செருப்பை எடுத்து இரண்டு தட்டு தட்டி, கவிழ்த்து உதறிவிட்டுத்தான் காலை நுழைக்க வேண்டும் என்பது எங்கள் பாட்டியின் சட்டம். உதறினால் சில நாள் பூரான் விழும். ஒருமுறை நட்டுவாக்காலியே விழுந்தது. போன வருஷம் ஜூலையில், நல்ல குளிரில், வெலிங்டனில் வந்து இறங்கினோம். மூன்றே மாதத்தில் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது. விமான நிலையத்திலேயே என் செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, மண் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த ஊர் இது. கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமானைச் சொல்லாமல் மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். பூச்சி புழு எதுவும் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று இவ்வளவு பயப்படுகிறவர்கள் ஊரில் நமக்கென்ன பயம் என்று இருந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு நான்கு நாள் விடுமுறை வந்தது. காரோடு கப்பலேறி குக் நீரிணையைக் கடந்து தெற்குத் தீவுக்குப் போனோம். பிக்டன் போய்ச்சேர மூன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க என் வீட்டுக்காரர் ஒரு காகிதப் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், அதை விவரிக்க வேண்டாம். அப்புறம் நெல்சன், அதைத் தாண்டி டாக்கக்கா மலை. கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கினால் கோல்டன் பே. மகள் வழியெல்லாம் "டாக்கா அக்கா, டாக்கா அக்கா" என்று பாடிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் எடுத்திருந்தது மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மரவீடு. பக்கத்திலேயே அதன் சொந்தக்காரர் குடியிருந்தார், எழுபதைத் தாண்டியவர். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். இங்கே எல்லோரும் அப்படித்தான், ஆனால் அந்த வயசு மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் என் வாய் வளையவில்லை. அங்கிள் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இரவு குளிர் ஏறியது. கணப்புக்கு விறகு எடுக்க வேண்டும், விறகு அடுக்கு வெளியே. வாசலில் விருந்தாளிகளுக்கென்று இரண்டு ஜோடி கம்பூட்ஸ் வைத்திருந்தார்கள். ஒன்றில் காலை விட்டேன்.

உள்ளே ஏதோ இருந்தது. கூழாங்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி அது என் காலுறையை முள்ளால் பிடித்தது.

பூட்ஸ் எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கத்திய கத்தலில் உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "என்ன, பாம்பா?" என்று கேட்டபடி ஓடிவந்தார். பாம்பில்லாத நாடு என்று எனக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

வாசல் விளக்கு வெளிச்சத்தில் அது பூட்ஸுக்குள்ளிருந்து நிதானமாக வெளியே வந்தது. என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு உடம்பு, கரும்பழுப்பு நிறம், வயிற்றில் கோடு கோடாக. உடம்பைவிட நீளமான மீசை. பின்னங்காலில் ரம்பம் போல முட்கள். சுவர்க்கோழியைப் பத்து மடங்கு ஊதிப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த வளைந்த கூர்முனை. கொடுக்கு! பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தாற்போல என்று பழமொழி கேட்டிருக்கிறேன். முளைத்தே பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரர் துடைப்பத்தை ஓங்கினார். அது இரண்டு பின்னங்கால்களையும் தலைக்கு மேலே தூக்கி நின்றது. சீப்பின் பல்லை நகத்தால் வருடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதற்குள் மகள் நடுவே புகுந்துவிட்டாள்.

"அடிக்காதீங்கப்பா! அது வேட்டா. அதுக்குக் காது கால்ல இருக்கும், ஸ்கூல்ல சொன்னாங்க."

வேட்டா. மிராமாரில் எங்கள் வீட்டுப் பக்கம் தினமும் பஸ்ஸில் பார்க்கிற பெயர். சினிமாவுக்கு அரக்கர்களும் பூதங்களும் செய்துகொடுக்கிற கம்பெனி அது. யாரோ முதலாளியின் குடும்பப் பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சத்தம் கேட்டு அங்கிள் டார்ச்சோடு வந்தார். குனிந்து, ஏதோ கத்தரிக்காய் எடுப்பதுபோல அதைக் கையில் எடுத்தார். பெண் வேட்டா என்றார். நான் கொடுக்கு என்று நடுங்கியது மண்ணுக்குள் முட்டையிடும் குழாயாம். விஷமே கிடையாது. வாயருகே விரலைக் கொண்டுபோனால் கடிக்கும், காலால் பிறாண்டும், அவ்வளவுதான். பகலெல்லாம் மரப்பொந்தில் இருக்கும், இருட்டினால்தான் வெளியே வந்து இலை தின்னும். பூட்ஸ் அதன் கணக்கில் ஒரு நல்ல பொந்து.

அப்புறம் அவரைக் கதை சொல்லவிடாமல் நிறுத்த முடியவில்லை. மனிதர் வருவதற்கு முன் இந்தத் தீவுகளில் வெளவாலைத் தவிர நிலத்தில் பாலூட்டி எதுவும் இல்லை. மற்ற நாட்டில் எலி செய்கிற வேலையை இங்கே வேட்டாதான் செய்துகொண்டிருந்தது. மாவோரிகளின் படகோடு எலி வந்தது, ஐரோப்பியர் கப்பலில் இன்னும் பெரிய எலிகளும் பூனையும் வந்தன. இரவில் கீழே நடக்கிற இந்தப் பிராணிக்கு அந்த மோப்பத்திலிருந்து தப்பத் தெரியவில்லை. வேட்டாக்களிலேயே பெரியது வேட்டாபுங்கா. ஆக்லாந்துக்கு வடக்கே ஹௌதுரு என்ற ஒரே ஒரு தீவில் மட்டும் அது மிஞ்சியது. பிறகுதான் வளர்த்து வேறு தீவுகளிலும் விட்டார்கள். வயிற்றில் முட்டையோடு இருந்த ஒன்றை நிறுத்துப் பார்த்தபோது 71 கிராம் இருந்ததாம். கோழிமுட்டையைவிடக் கனமான பூச்சி! என் பூட்ஸில் வந்தது நல்லவேளை சின்னக்கா.

தெற்குத் தீவின் மலைமேல் இன்னொரு வகை இருக்கிறது, குளிர்காலத்தில் கட்டையாக உறைந்துபோகும், பனி இளகியதும் எழுந்து நடக்கும் என்றார். வெலிங்டனின் முதல் குளிர்காலத்தை ஒரே ஒரு ஹீட்டரோடு கழித்த எங்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

மறுநாள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, மகள் வரைந்த படத்தைக் காட்டினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"இது பிள்ளைப்பூச்சிடி. இதுக்கா கத்தின?"

"கால்ல ஏறிச்சும்மா."

"உதறிப் போட்டுக்கலையா? பாட்டி சொல்லிக் குடுத்ததெல்லாம் எங்க போச்சு?"

பதில் சொல்ல ஒன்றுமில்லை.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டம்மா எலிப்பொறி ஒன்று கொடுத்தார். 2050க்குள் நாட்டில் எலியே இருக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் திட்டம், எங்கள் தெருவில் பாதி வீட்டுத் தோட்டத்தில் பொறி இருக்கிறது. மன்னார்குடியில் மசால்வடை வைப்போம், இங்கே வேர்க்கடலை வெண்ணெய். மகள் அவள் பங்குக்கு ஒரு மரக்கட்டையில் துளை போட்டு 'வேட்டா ஹோட்டல்' செய்து வேலியோரம் கட்டிவைத்தாள். ஐந்து மாதமாகிறது. இதுவரை குடிவந்தது ஒரு சிலந்தி மட்டும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறவள் நான்தான். வாசலில் கம்பூட்ஸைக் கவிழ்த்து, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறேன்.