கொசுவத்துல மறைஞ்சிரும்

"வணக்கம் மேடம். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோவை அனுப்பவும். கட், எடிட் இல்லாத முழு வீடியோ இல்லாமல் டேமேஜ் ஏற்கப்படாது. நன்றி."

வாட்ஸ்அப் பிசினஸில் சாய்வுக்கோடு போட்டு 'வீடியோ' என்று தட்டினால் இந்த வரிகள் தாமாக வந்து நிற்கும். அனுப்ப இரண்டு நொடி. எங்களிடம் சேலை வாங்கிய அந்த அம்மாவின் குரல்பதிவோ முக்கால் நிமிடம் ஓடியது. அதைக் கேட்காமலே பதில் போட்டுவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் முழுக்கக் கேட்டேன். அவர் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தட்டினேன்.

"தம்பி, சேலை வந்து சேந்துருச்சுப்பா. கலரெல்லாம் சொன்ன மாதிரியே இருக்கு. நடுவுல மட்டும் ஒரு கோடு மாதிரி விட்டிருக்கு, பாருங்க. வீடியோல்லாம் எடுக்கணும்னு எனக்குத் தெரியாது. நான் மட்டுந்தான் இருக்கேன்" என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் படம் போதுமானதாக இருந்தது, இப்போதும் உறுத்துவது அதுதான். சேலையில் வரும் சேதத்தைப் பார்த்ததுமே ஓரளவு இனம் பிரித்துவிடலாம். கத்தரியோ பிளேடோ பட்டிருந்தால் வெட்டு நேராக, சுத்தமாக இருக்கும், அடுத்தடுத்த மடிப்பிலும் அதே இடத்தில் விழுந்திருக்கும். வளையலோ ஆணியோ இழுத்திருந்தால் நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் துணி சுருங்கியிருக்கும். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தோ அறுந்தோ போனதைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் மட்டும் பார்டருக்குப் பார்டர் அகலவாட்டில் மெல்லிய கோடு ஓடும். நூல் முனையும் இருக்காது, சுருக்கமும் இருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கோட்டில் மட்டும் வெளிச்சம் கசியும். அந்த அம்மா ஜன்னலுக்கு எதிரே பிடித்து எடுத்திருந்தார், கோடு கோடாகவே தெரிந்தது. அதை வீட்டில் உட்கார்ந்து யாரும் உண்டாக்க முடியாது. தறிக்குறைதான் என்று தெரிந்தே வீடியோ கேட்டேன்.

விதி என்று ஒன்று எழுதி வைத்துவிட்டால் பார்த்ததை நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது.

அந்த விதி சும்மா வந்ததல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் விற்ற காலத்தில் விதியே கிடையாது. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றுக்கு 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைப் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே வாங்குகிற எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். அத்தை சொல்லி வந்தவர், ஆபீஸில் ஒருவர் கட்டியதைப் பார்த்துக் கேட்டவர். குறை இருந்தால் "மாத்திக் கொடும்மா" என்பார்கள், மாற்றிக் கொடுப்போம், முடிந்தது.

ரீல்ஸ் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிப்போனது. சேலம் பக்கத்து எலம்பிள்ளை சாஃப்ட் சில்க் ஒன்றை மொட்டைமாடிக் கொடியில் போட்டு, முந்தியை இழுத்துவிட்டு எடுத்த 11 நொடி வீடியோ. முதல் வரியிலேயே விலை. மயில் நீலம் என்பதால் எடுப்பதற்குள் படாத பாடு. போன் கேமரா அந்த நிறத்தைத் தானாகவே வெறும் நீலமாக மாற்றிவிடும். சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளாவது வெள்ளைச் சுவராவது தெரிய வேண்டும். காலை ஒன்பது, பத்து மணி நிழல் வெளிச்சம்தான் சரி, உச்சி வெயிலில் சரிகை எரிந்து பார்டரே தெரியாது. அதே சேலையை டியூப்லைட்டுக்குக் கீழேயும் மூன்று நொடி காட்டிவிட்டால் 'கலர் மாறியிருக்கு' என்ற புகார் பெருமளவு குறையும். 'நேரில் லேசான வித்தியாசம் இருக்கும்' என்று எழுதி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

விலையை மறைத்து 'இன்பாக்ஸ் வாங்க' என்பது பலருடைய வழி. கமெண்ட் கூடும், கமெண்ட் கூடினால் வீடியோ இன்னும் நாலு பேருக்குப் போகும் என்பது கணக்கு. கூடுவது உண்மைதான். ஆனால் நாம் பின்தொடராதவர்களின் செய்தி இன்ஸ்டாகிராமில் வேண்டுகோள் பெட்டிக்குள் போய் விழும், இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் வாங்க வந்தவர் வேறெங்கோ வாங்கி முடித்திருப்பார். விலையைச் சொல்லிவிட்டால் கேள்வி குறையும், வருகிற கேள்விகளில் வாங்குகிறவர்கள் அதிகம்.

அந்த ஒரு வீடியோவோடு நாளைக்கு எட்டுப் பார்சல் என்பது முப்பத்தைந்தாகி, அங்கேயே நின்றது. வந்தவர்களில் யாரையும் தெரியாது. பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் என்று போலியாக ஒன்று வரும், அதனால் படத்தைப் பார்த்து அனுப்பாதே, வங்கிக் கணக்கில் யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க யுடிஆர் எண்ணை ஒப்பிட்டபின் அனுப்பு என்று ஒரு விதி. பார்சல் வாசலுக்கு வந்தபின் 'வேண்டாம்' என்று திருப்புவார்கள், போக வர இரண்டு கூலியும் நம் தலையில் விழும், அதனால் சிஓடி, அதாவது பார்சல் கைக்கு வந்தபின் பணம், இல்லை என்று ஒரு விதி. ஒற்றைச் சேலையை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்பார்கள், அதனால் பணம் வந்தால்தான் புக்கிங் என்று ஒரு விதி. கல்யாணத்துக்குக் கட்டி முடித்து, சென்ட் வாசனையோடு 'டேமேஜ்' என்று ஒரு சேலை திரும்பி வந்த அன்றைக்கு ஓபனிங் வீடியோ விதியும் சேர்ந்துகொண்டது. வாசகத்தை நாங்கள் யோசித்து எழுதவில்லை, பக்கத்துப் பேஜிலிருந்து அப்படியே எடுத்தது. அவர்கள் யாரிடமிருந்து எடுத்தார்களோ.

பணக் கணக்கும் அந்த விதிக்குப் பக்கத் துணையாக நின்றது. சேலை கொள்முதல் 980, விற்றது 1,290. அதில் கூரியர் 60, கவரும் பெட்டியும் 15, விளம்பரத்துக்கும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டிக்கும் சேலைக்கு 40க்குக் குறையாமல். கையில் நிற்பது இருநூறுக்கும் குறைவு. ஒரு சேலையை மாற்றிக் கொடுத்தால் திரும்பி வரும் கூலி, மறுபடி போகும் கூலி, கெட்டுப்போன சேலை எல்லாம் சேர்ந்து ஐந்தாறு சேலையின் லாபம் காலி. மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் அவர் பில்லின் அடியில் 'விற்ற சரக்கு வாபஸ் இல்லை' என்று அச்சடித்திருக்கும். பழகிய ஆளாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் மடிப்புக் கலையாமல் கொண்டுபோனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுப்பார். நம்மிடம் ரேக்கிலேயே ஒரு வாரம் கிடந்துவிடும்.

இவ்வளவையும் எழுதும்போது என் பக்கம் நியாயம் இருப்பது போலவே படுகிறது. ஆனால் இத்தனை கணக்கிலும் வராத ஒன்று உண்டு. அந்தச் சேலையை அனுப்பும் முன் யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

இல்லை. ஒரு சேலை என்றால் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு ஆறேகால் மீட்டருக்கு மேல். ஜன்னலுக்கு எதிரே ஒரு கம்பியில் போட்டு, இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்க மூன்று நிமிடம். பார்ப்பதைவிடத் திரும்ப மடிப்பதுதான் வேலை. பழைய மடிப்புத் தடத்திலேயே மடிக்காவிட்டால் கவருக்குள் உப்பிக்கொண்டு பழைய சேலை போலத் தெரியும், அதற்கு இன்னொரு இரண்டு நிமிடம். முப்பத்தைந்து பார்சலுக்கு மூன்று மணி நேரம் கிட்டத்தட்ட. எட்டுப் பார்சல் போன காலத்தில், என்னோடு சேர்ந்து இதை நடத்தும் அக்கா ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். முப்பத்தைந்து ஆனதும் கவருக்கு மேலாகவே பார்த்துவிட்டு லேபிள் ஒட்ட ஆரம்பித்தோம். அதாவது, நாங்கள் பார்க்காமல் விட்டதைப் பார்க்கும் வேலையை வாங்குகிறவரின் போனுக்கு மாற்றிவிட்டோம். தனியாக இருக்கும் ஒருவர் ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் போன் என்று நின்று, நாங்கள் செய்யாத சோதனையைச் செய்து காட்ட வேண்டும். அப்படி ஒற்றைக் கையால் கிழிக்கும்போது கத்தரி பட்டுச் சேலையே வெட்டுப்பட்ட பார்சலும் உண்டு, அந்த வீடியோவும் எங்களிடம் இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் சுற்றி வளைக்கவில்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளையோ காட்டியதற்கு மாறான பொருளையோ திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. திறப்பு வீடியோ என்ற நிபந்தனை அதில் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள சரக்கைத் திருப்பி எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது. 1915 என்ற உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்த அம்மா போடவில்லை. போட்டிருந்தால் இது ஒரு புகாராக இருந்திருக்கும், மாற்றிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன்.

அவரிடமிருந்து வந்தது இன்னொரு குரல்பதிவு. ஆறு நொடி. "சரிப்பா, விடுங்க. கொசுவத்துல மறைஞ்சிரும்."

அக்காவிடம் அன்று மாலையே சொன்னேன். நாலு நாள் கழித்து மறுபடியும் சொன்னேன், மாற்றி அனுப்பிவிடலாமா என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இப்பக் கூப்பிட்டுக் கொடுத்தா, அன்னைக்கு ஏன் இல்லன்னீங்கன்னு கேப்பாங்கல்ல?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லாததால் அது நல்ல காரணமாகத் தோன்றியது.

பிறகு செய்ததெல்லாம் அந்த அம்மாவுக்குப் பயன்படவில்லை. கம்பி கட்டி, பின்னால் ஒரு டியூப்லைட் வைத்து, எதிரே ஸ்டாண்டில் போன். சேலை ஓடி முடிந்ததும் லேபிளைக் கேமராவுக்குக் காட்டிவிட்டுக் கவருக்குள் போடுவது. 720பியில் எடுத்தால் நிமிடத்துக்கு 60 எம்பி அளவில் வரும், சேலைக்கு மூன்று நிமிடம் என்றால் நாளைக்கு ஆறு ஜிபிக்கு மேல். பதினைந்து நாள் வைத்திருந்து அழித்தால் 100 ஜிபிக்குள் அடங்கும். ஆர்டர் எண்ணையே கோப்பின் பெயராக வைக்காவிட்டால் தேடும்போது பைத்தியம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் விரிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே நாலு சேலை தறிக்குறையோடு சிக்கின. மொத்த வியாபாரி நாலையும் எடுத்துக்கொண்டார், முகச்சுளிப்போடு. கூடுதலாக ஓர் ஆள் அரை நாள் வருகிறார். சேலைக்கு இருபது ரூபாய் கூடியது, விலையில் ஏற்றவில்லை. விதியின் வாசகத்தையும் மாற்றினோம்: 'வீடியோ இருந்தால் உடனே மாற்றித் தரப்படும். இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அனுப்பவும், பார்த்துச் சொல்கிறோம்.'

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. போன மாதம் வீடியோ இல்லாமல் படம் மட்டும் அனுப்பிய ஒருவருக்கு, படத்தில் கோடு தெளிவாகத் தெரிந்ததால், சேலையைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாற்றிக் கொடுத்தோம். வந்த சேலையின் கீழ் ஓரத்தில் ஃபால் தைத்துப் பிரித்த ஊசித்தடம் வரிசையாக இருந்தது. எங்கள் பதிவை எடுத்துப் பார்த்தோம், அந்தச் சேலையில் கோடே இல்லை. படம் வேறு ஏதோ சேலையுடையது. நிறம் அதே நிறம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சேலையை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். பழைய வாசகத்தையே போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. கொள்கையா சோம்பலா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல வராது.

ஸ்டேட்டஸ் போட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று கீழே வரிசையாகத் தெரியும். அந்த அம்மா எங்கள் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார், தினமும். விலை கேட்டதே இல்லை. ஆடித் தள்ளுபடி போட்டபோதும் கேட்கவில்லை. பதினைந்து நாள் முன்பு ஒரு அரக்குச் சேலைக்குக் கீழே, "கலர் நல்லாருக்கு தம்பி" என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஏதாவது எழுதலாம் என்று திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு சாய்வுக்கோடு போட்டு 'நன்றி' என்று தட்டினேன். "தங்கள் ஆதரவுக்கு மிக்க நன்றி மேடம். புதிய கலெக்‌ஷன்களுக்கு எங்கள் பக்கத்தைத் தொடரவும்" என்று போனது.