5:31-க்கு அணைந்த பச்சை

மதினி அதிகாலை மூன்றரைக்கு என் அறைக் கதவைத் தட்டினார். கையில் செல்போன், அதில் அரட்டைச் செயலியில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. "ஒங்க அண்ணன் கரைக்குக் கிட்ட வந்துட்டாக தம்பி, நான் ஜெட்டிக்குக் கெளம்புறேன்" என்றார். தூக்கக் கலக்கத்தில் நானும் சரி என்று சொல்லிவிட்டேன். தங்கச்சிமடத்திலிருந்து ஆட்டோ பிடித்து ராமேசுவரம் போய்விட்டார்.

ஜெட்டியில் படகைக் காணோம். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்கிறது. ஆனால் பச்சை எரிகிறதே! நெட் இருக்கிறது, கால் மட்டும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து மீனை இறக்க ஆரம்பித்துவிட்டன. 5:31-க்குப் பச்சை அணைந்தது. அடுத்த நிமிடம் எனக்கு போன். "தம்பி, லைட் போயிருச்சு" என்ற குரலை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அண்ணன் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தான், இன்னொரு விசைப்படகு கயிறு கட்டி இழுத்து வர. புரொப்பல்லரில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. மதினி அவனை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார். காரணம், அந்தப் பச்சைப் புள்ளியை எழுதியவன் நான்.

மண்டபத்தில் உள்ள ஒரு மீன் கம்பெனிக்கு நான் கணினி வேலை பார்க்கிறேன். சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்), தரகர்கள், ஐஸ் வண்டி ஓட்டுகிறவர்கள், கம்பெனிக் கணக்கர்கள் எல்லாரும் பேசிக்கொள்ள ஒரு அரட்டைச் செயலி வேண்டும், விலைப் பேச்சு வெளியே போகக் கூடாது, சர்வர் நம் அறையிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஈஜாபர்டி நிறுவினேன். எர்லாங் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட சர்வர், எக்ஸ்எம்பிபி என்ற பொதுவான அரட்டை நெறிமுறையில் பேசும், இலவசம். 2002-லிருந்து வளர்ந்து வருகிற மென்பொருள், அதனால் அதன் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. குளறுபடி எல்லாம் அதன் பக்கத்தில் நான் ஒட்டவைத்த சரக்கில்தான்.

முதலில் நான் செய்தது, ஆட்கள் அட்டவணையில் 'ஆன்லைன்' என்று ஒரு கட்டம். உள்ளே வந்தால் 1, போனால் 0. ஆளுக்கு ஒரு போன் இருந்தவரை ஓடியது. ஆனால் இங்கே எந்தச் சம்மாட்டியிடம் ஒரு போன் இருக்கிறது? சட்டைப் பையில் ஒன்று, படகில் ஒன்று, வீட்டில் பிள்ளை கையில் ஒன்று, கடையில் டேப்லெட். படகுப் போன் சிக்னலை விட்டதும் கட்டம் 0 ஆகிவிடும்; ஆள் கடையில் உட்கார்ந்து டேப்லெட்டில் விலை பேசிக்கொண்டிருப்பார். "நான் உசுரோட இருக்கும்போதே என்னை அணைச்சிட்டியேப்பா" என்று ஒருத்தர் கேட்டார்.

சரி என்று எண்ணிக்கை ஆக்கினேன். ஒரு கருவி வந்தால் ஒன்று கூட்டு, போனால் ஒன்று கழி, பூஜ்யம் என்றால் ஆள் இல்லை. கேட்க அழகாக இருக்கும். ஒரு நாள் மின்வெட்டில் இன்வெர்ட்டரும் கைவிட்டது, சர்வர் படுத்தது. எழுந்தபோது ஈஜாபர்டி தன் அமர்வுப் பட்டியலை, அதாவது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை, மெமரியில் வைத்திருந்ததால் அது சுத்தமாக இருந்தது. என் அட்டவணை மட்டும் பழைய எண்களைக் கட்டிக்கொண்டு நின்றது. யாருமே இல்லாத சர்வரில் முப்பது பேர் ஆன்லைன். அதற்கப்புறம் கழித்தல் ஒன்று கூடுதலாக ஓடி, ஒருவருக்கு மைனஸ் 1 வந்தது.

தெளிவு வந்தது ஜெட்டியில். விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும். அண்ணனுக்காக ஒரு நாள் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவருக்கு இரண்டு படகு. "இவுக கடலுக்குப் போயிட்டாகளா?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டதற்கு, "எந்தப் போட்டைக் கேக்குற?" என்றார் அவர். டோக்கன் படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆள் எங்கே என்று தெரிய வேண்டுமானால் அவர் படகுகள் எல்லாவற்றையும் பார்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எக்ஸ்எம்பிபி இதை முதலிலிருந்தே இப்படித்தான் செய்கிறது, நான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஒரு ஆளின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ரிசோர்ஸ்' என்று ஒரு பெயர் வரும். கருவிக்கு ஒன்று. இருப்புச் செய்தி ஒவ்வொரு ரிசோர்ஸிலிருந்தும் தனித்தனியாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி நிலை, -128 முதல் 127 வரை தனி முன்னுரிமை எண். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6121 என்ற விதி ஆவணத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆகவே ஆளுக்கு ஒரு வரி என்ற என் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கருவிக்கு ஒரு வரி என்று மாற்றினேன். ஆள் இருக்கிறாரா என்பதை எங்கும் சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போது வரிகளைப் பார்த்துக் கணக்குப் போடுவதோடு சரி. சர்வர் எழுந்தவுடன் முதல் வேலை, அட்டவணையைத் துடைப்பது.

மாற்றிய அன்றே ஒரு கூத்து. ஒரு தரகரின் பெயர் பாம்பன் கலங்கரை விளக்கம் மாதிரி விட்டு விட்டு எரிகிறது. பச்சை, சாம்பல், பச்சை, சாம்பல். பதிவைத் திறந்து பார்த்தால் சில நொடிக்கு ஒருமுறை 'கான்ஃப்ளிக்ட்' (மோதல்) என்ற பிழை. செயலியில் ரிசோர்ஸ் பெயரை 'மொபைல்' என்று நானே நிலையாக எழுதி வைத்திருந்தேன். அவரிடம் இரண்டு போன், இரண்டுக்கும் ஒரே பெயர். ஈஜாபர்டியின் வழக்கம், அதே பெயரில் புதிதாக ஒருத்தர் வந்தால் பழையவரை வெளியே தள்ளுவது. தள்ளப்பட்ட போன் சும்மா இருக்குமா? திரும்ப உள்ளே வந்து மற்றதைத் தள்ளும். இரண்டும் அவர் இரண்டு சட்டைப் பைகளிலும் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க மல்லுக்கட்டியிருக்கின்றன. பேட்டரி ஏன் இப்படித் தீருகிறது என்று கடைக்காரரிடம் வேறு காட்டியிருக்கிறார். ஒவ்வொரு நிறுவலுக்கும் ஒரு தற்செயல் பெயர் உண்டாக்கி அதையே வைத்துக்கொள்ளும்படி திருத்தினேன். ஐந்து வரி வேலை.

இவ்வளவும் முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் மதினி கதை.

அன்றைய பதிவை உட்கார்ந்து பார்த்தேன். 3:20-க்கு அண்ணன் போனுக்கு ஒரு நிமிடம் சிக்னல் கிடைத்திருக்கிறது. செயலி சர்வரோடு இணைந்திருக்கிறது. அப்புறம் படகு காற்றுக்கு இழுபட்டு எல்லைக்கு வெளியே போய்விட்டது. போன் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இணையத்தில் போனும் சர்வரும் பேசிக்கொள்கிற டிசிபி இணைப்பில் ஒரு பக்கம் சொல்லாமல் போனால், மறுபக்கம் எதையாவது அனுப்பிப் பார்க்கும்வரை அதற்குத் தெரியாது. சர்வரில் ஓடுகிற லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான ஏற்பாட்டில் 7,200 நொடி சும்மா இருந்த பிறகுதான் 'இருக்கிறாயா' என்று தட்டிப் பார்க்கும். அதுவும் 75 நொடிக்கு ஒன்றாக ஒன்பது தடவை. கூட்டிப் பாருங்கள், 2 மணி 11 நிமிடம் சொச்சம். 3:20-உடன் சேர்த்தால் 5:31.

அந்த நேரத்தில் யாராவது அவனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தால்கூட, பதில் வராததை வைத்துச் சுமார் 15 நிமிடத்தில் இணைப்பு செத்தது தெரிந்திருக்கும். மதினி எழுதிக் கேட்கிறவர் இல்லை. பச்சையைப் பார்ப்பார், அவ்வளவுதான். என் மனதை அறுத்தது என்னவென்றால், 5:31-க்குக் கடலில் எதுவுமே நடக்கவில்லை. அண்ணன் அப்போது இன்னொரு படகின் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். பச்சை எரிந்தபோது தந்த நிம்மதியும் பொய், அணைந்தபோது தந்த பயமும் பொய்.

ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் எல்லாம் கரையில். கம்பெனியில் வேலை குறைவு. எனக்குத் தோதான காலம்.

முதலில் ஈஜாபர்டியின் பிங் மாட்யூலை (கூடுதல் நிரல் துண்டை) இயக்கி, சர்வரே கருவிகளைக் கூப்பிட்டுப் பார்க்கும்படி செய்தேன், பதில் இல்லை என்றால் இணைப்பை வெட்டு என்று. ஆர்வக் கோளாறில் 30 நொடிக்கு ஒன்று வைத்தேன். மூன்றாம் நாள் நாட்டுப்படகுக்காரர்கள் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள், தடை அவர்களுக்கு இல்லையே. மத்தியானத்துக்குள் போன் செத்துப்போகிறது என்றார்கள். ஒவ்வொரு பிங்கும் தூங்குகிற ரேடியோவைத் தட்டி எழுப்புகிறது, சிக்னல் மங்கலான இடத்தில் அது இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஏற்றி இறக்கிப் பார்த்து 3 நிமிடத்தில் நிறுத்தினேன். இதற்குச் சரியான எண் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரப் பொய்யைத் தாங்குவோம், எவ்வளவு பேட்டரியைக் கொடுப்போம் என்ற பேரம்தான், ஏலக் கூடம் மாதிரி.

அடுத்தது எக்ஸ்எம்பிபியின் கூடுதல் விதிகளில் ஒன்றான எக்ஸ்ஈபி-0198, அறுந்த இணைப்பைத் திரும்ப ஒட்டுகிற ஏற்பாடு. பாலத்தில் பஸ் போகும்போது சிக்னல் போய் வருகிறதே, அந்த மாதிரி இடத்தில் புதிதாக லாகின் செய்யாமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஈஜாபர்டி அதற்கு வழக்கமாக 300 நொடி காத்திருக்கும். பயனுள்ள விஷயம், ஆனால் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடமும் அமர்வு உயிரோடு இருப்பதாகவே பட்டியலில் நிற்கும். அதைப் பச்சையாகக் காட்டினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். நல்லவேளை, அமர்வு காத்திருப்புக்குப் போகும்போதும் மீண்டு வரும்போதும் மாட்யூல் எழுதுகிறவன் தன் நிரலை மாட்டிவைக்கத் தனித்தனி ஹுக் (கொக்கி) இருக்கிறது. இரண்டையும் பிடித்து வரியில் மூன்றாவது நிலை ஒன்று சேர்த்தேன்: இருக்கிறது, காத்திருக்கிறது, போய்விட்டது.

அப்புறம் ஒரு கேள்வி. போன் இணைந்திருக்கிறது, ஆனால் திரை அணைந்து பைக்குள் கிடக்கிறது. இது பச்சையா? எக்ஸ்ஈபி-0352 வழியாகச் செயலியே 'திரையில் இருக்கிறேன்', 'பின்னணியில் இருக்கிறேன்' என்று சர்வருக்குச் சொல்ல முடியும். அதை வைத்து இரண்டாகப் பிரித்தேன். செய்தி போய்ச் சேரும் என்பது வேறு, ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது வேறு. தரகர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும், ஐஸ் வண்டிக்காரர்களுக்கு முதலாவது போதும்.

பல கருவிகளின் நிலைகளைக் கூட்டி ஒன்றாக்குவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதில் விழிப்பாக இருக்கிறாரோ அதை எடுத்துக்கொள்வது பொதுவான வழி, நானும் அப்படித்தான். ஆனால் ஏதாவது ஒரு கருவியில் 'தொந்தரவு செய்யாதே' என்று ஆளே கையால் வைத்திருந்தால் அது எல்லாவற்றையும் மிஞ்சும். மற்ற நிலைகள் எந்திரம் ஊகித்தவை. இது மனிதன் சொன்னது. கம்பெனிக் கணக்கர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "பச்சை இருந்தும் எடுக்கலைன்னாதானே நான் கேக்க முடியும்" என்றார். அதற்காகவே மாற்றக் கூடாது என்று விட்டுவிட்டேன். யார் நிலையை யார் பார்க்கலாம் என்பதையும் எக்ஸ்எம்பிபியின் அனுமதி முறைக்கே விட்டுவிட்டேன். கேட்டு ஒத்துக்கொண்டால்தான் தெரியும்.

கடைசியாக, 'கடைசியாகப் பார்த்தது'. இங்கேதான் அதிக நாள் செலவானது. பழைய என் நிரல் எந்தக் கருவி போனாலும் அந்த நேரத்தை எழுதியது, அதுவும் சர்வர் கண்டுபிடித்த நேரத்தை. அண்ணன் கணக்கில் அது 5:31. எழுத வேண்டியது 3:20. ஆகவே ஒவ்வொரு வரியிலும் அந்தக் கருவியிடமிருந்து கடைசியாக ஒரு சத்தம் வந்த நேரத்தை வைத்துக்கொண்டு, எல்லா வரியும் போன பிறகு அவற்றில் பிந்தியதை எடுக்கிறேன். கடைசிக் கருவி போகும்வரை ஆளுக்கு 'கடைசி' என்று ஒன்று கிடையாது.

ஐஸ் பிளாண்டில் மூன்று பேர் ஒரே லாகினில் பயன்படுத்துகிற டேப்லெட் மட்டும் இன்னும் எப்போதும் பச்சைதான். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

தடை முடிந்து படகுகள் புறப்பட்ட அன்று மதினியிடம் புதுச் செயலியைக் காட்டினேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இது அரட்டைச் சாமான்தான், கடலில் ஆபத்தென்றால் வயர்லெஸ்ஸும் கடலோரக் காவல்படையின் 1554-உம் தான் என்று. அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. 'கடைசியாகக் கேட்டது 9:12, படகுப் போன்' என்று ஒரு வரி.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்ப ஒம்பது பன்னெண்டுக்கு அப்புறம் இதுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா மதினி."

"இதை மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனார்.