மஞ்சள் உடுப்பு: ஒரு தீக்காலத்தின் நாட்குறிப்பு

செப்டெம்பர் 6, சனிக்கிழமை

இரவு இரண்டேகால் மணிக்கு எதிர்வீட்டு முகப்பு விளக்கு எரிந்தது. அம்மாவுக்கு மாத்திரை எடுக்க எழுந்தவள் சன்னலோரம் நின்றுவிட்டேன். பெரியவர் மஞ்சள் மேலுடுப்பைத் தோளில் போட்டபடியே படியிறங்கினார், காரை எடுத்தார், போய்விட்டார். வயது 68. கட்டட வேலையில் முதுகைத் தேய்த்து ஓய்வுபெற்றவர்.

காலை ஏழு மணிக்கு அவரே குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். நெடுஞ்சாலையில் ஒரு கார் மரத்தில் மோதிவிட்டதாம். அம்புலன்ஸ் வரும்வரை வெளிச்சம் பிடித்து, நெருப்புப் பற்றாமல் குழாயோடு நின்றார்களாம். "பிறகு?" என்றேன். "பிறகு வீதியைக் கழுவினோம்" என்றார்.

இதற்கு அவருக்கு ஒரு சதம் சம்பளம் இல்லை. அவுஸ்திரேலியாவில், எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் கிராமியத் தீயணைப்புச் சேவையில் ஏறத்தாழ 70,000 தொண்டர்கள் இருக்கிறார்கள். உலகிலேயே பெரிய தொண்டர் தீயணைப்புப் படை இதுதான் என்பார்கள். எனக்கு அந்த எழுபதாயிரத்தில் ஒரு முகம்தான் தெரியும். அந்த முகத்துக்கு நான்கு ஆண்டுகளாகக் கை அசைத்ததைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. காட்டுத்தீ மூளக்கூடிய இந்தத் தீக்காலம் முழுவதும் எழுதிவைக்கப் போகிறேன்.

செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

தீயணைப்பு நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்திருந்தார்கள். தீக்காலத்துக்கு முன் ஊராரை ஆயத்தப்படுத்த ஆண்டுதோறும் செய்வது. அம்மாவையும் மகனையும் கூட்டிப்போனேன். மகன் நேராக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். அம்மா வண்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு குழாயும் எதற்கென்று என்னை மொழிபெயர்க்க வைத்தார்.

பெரிய வண்டியில் மூவாயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர் இருக்கும். கேட்கப் பெரிதாகத் தெரிகிறது. குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். அதில் ஒரு பகுதியைத் தொடவே மாட்டார்கள். நெருப்பு வண்டியைச் சூழ்ந்துகொண்டால், கூரையைச் சுற்றியுள்ள தெளிப்பான்கள் அந்தத் தண்ணீரைத் திரைபோல இறக்கும். உள்ளே இருப்பவர்கள் கம்பளப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குனிந்துகொள்வார்கள். 1998 டிசெம்பர் 2 அன்று விக்டோரியாவின் லின்ரனில் காற்றுத் திசை மாறியபோது, ஜீலோங் வெஸ்ற் பிரிகேட் என்ற உள்ளூர்த் தீயணைப்புக் குழுவின் ஐந்து தொண்டர்கள் தங்கள் வண்டியோடு எரிந்து இறந்தார்கள். ஆண்டுதோறும் மே 4ஆம் திகதி உலகெங்கும் தீயணைப்பாளர் தினம் நினைவுகூரப்படுவது அந்த ஐவரின் மரணத்திலிருந்து தொடங்கியதுதான். வண்டியின் இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த அந்தப் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன்.

கப்டன் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கூடியிருந்தவர்களிடம் அவர் முதலில் சொன்னதே இதுதான்: "உங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி வரும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒரு பெரிய நாளில் வீடுகளை எண்ணிப் பாருங்கள், வண்டிகளை எண்ணிப் பாருங்கள்." யாரும் பேசவில்லை. பிறகு தணல் பற்றிச் சொன்னார். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது தீச்சுவாலை அல்லவாம். காற்றில் பல கிலோமீற்றர் முன்னே பறந்துவரும் மரப்பட்டைத் துண்டுகள். அவை கூரைப் பீலியில் கிடக்கும் காய்ந்த சருகில் விழுகின்றன, ஓட்டின் கீழே நுழைகின்றன, வாசற்படியில் கிடக்கும் தென்னந்தும்புப் பாயில் ஒட்டிக்கொள்கின்றன. நெருப்புப் போய் மணிக்கணக்கான பிறகும் வீடு எரியத் தொடங்கலாம்.

எங்கள் வாசலில் கிடப்பது தும்புப் பாய்தான்.

செப்டெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை

பீலி துப்புரவு செய்தோம். மகனின் அப்பா ஏணியில், நான் கீழே வாளியோடு. பதினோரு வாளி சருகு. நாங்கள் குடிவந்தபோது லா நீனா மழைக்காலம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஈரம். காடு பச்சையாகத் தழைத்ததைப் பார்த்து மகிழ்ந்திருந்தோம். அந்தப் பச்சை முழுவதும் இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.

சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலையில் இருக்கும் எங்கள் ஊரான வின்மலியில் பல தெருக்களைப் போல எங்கள் தெருவும் மலைமுதுகில் ஓடுகிறது. இரு பக்கமும் காட்டுச் சரிவு. நெருப்புக்கு ஏற்றம் பிடிக்கும். சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் இரட்டிக்கும் என்று கப்டன் சொன்னதை, பின்வேலியில் நின்று கீழே பார்த்தபோதுதான் உடம்பால் புரிந்துகொண்டேன். எங்கள் சமையலறைச் சன்னலின் அழகெல்லாம் அந்தச் சரிவுதான்.

எரிவாயுச் சிலிண்டரின் வால்வை வீட்டுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பினோம். விறகடுக்கைச் சுவரிலிருந்து அகற்றினோம். தோட்டக் குழாய் வீட்டின் நான்கு மூலைக்கும் எட்டவில்லை. நீளமானது வாங்க வேண்டும்.

அம்மா இதிலெல்லாம் கலக்காமல் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் விடிய முன்னரே எழுந்து முற்றம் கூட்டிய கை. இங்கே வந்த நாளிலிருந்து, "குப்பை வளவுக்குள் இருக்கிறீர்கள்" என்று எங்களைக் கண்டித்துவருகிறார். சருகை வாரிக் குவித்தவர் தீப்பெட்டி கேட்டார். அங்கே பொழுதுபடக் குவித்துக் கொளுத்துவோமே, அதுதான் வழக்கம். இங்கே கூடாது அம்மா என்று பச்சைத் தொட்டியைக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து வளவைப் பார்த்தார். சுவரோரத்து ஒன்றரை மீற்றர் வெறும் மண்ணாகச் சுத்தமாக இருந்தது. "இந்தத் தெருவில் சரியாக ஆயத்தம் செய்தவர் உங்கள் அம்மாதான்" என்றார். அதை அம்மாவுக்குச் சொன்னேன். "அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணீர் போடு" என்றார்.

ஒக்டோபர் 1, புதன்கிழமை

சட்டப்படி இன்று தீக்காலம் தொடங்குகிறது. மார்ச் 31 வரை. இனி வெளியில் எதை எரிப்பதானாலும் அனுமதி வேண்டும். தும்புப் பாயைத் தூக்கிப் போட்டேன்.

ஒக்டோபர் 4, சனிக்கிழமை

வெளியேற்றத் திட்டம் எழுத உட்கார்ந்தோம். படிவத்தில் சில கேள்விகள்தான்: எப்போது புறப்படுவீர்கள், எங்கே போவீர்கள், எந்த வழியால், எதை எடுப்பீர்கள்?

எதை எடுப்பது என்று வந்தபோது அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, இரண்டு நாளுக்கு உடுப்பு, ஒரு போத்தல் தண்ணீர், அப்பாவின் படம். நிறுத்தாமல் எழுதினார். அந்தப் பட்டியல் அவருக்குள் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 மாலை, போர் நெருங்கியபோது, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழை. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். ஓர் அடி வைக்க ஒரு நிமிடம் நின்றோம். அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி அம்மா தள்ளினார்.

அந்த இடப்பெயர்வும் இந்தக் காட்டுத்தீயும் ஒன்றல்ல. அது மனிதர் செய்தது. ஆனால் வீதி எப்படி நெருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். "எப்போது புறப்படுவீர்கள்" என்ற கேள்விக்கு நான், "புகை தெரிந்தால்" என்று எழுதியிருந்தேன். அம்மா அதை வெட்டினார்.

"அன்று நாங்கள் கடைசி ஆட்களோடு வெளிக்கிட்டோம், பிள்ளை. இனி எங்கேயானாலும் முதல் ஆட்களோடு வெளிக்கிடுவோம்."

அபாய நிலை "தீவிரம்" என்று முந்தின நாள் மாலை அறிவித்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு முன் புறப்படுவது என்று எழுதினோம். 2022 செப்டெம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் நான்கே நிலைகள்: மிதம், உயர்வு, தீவிரம், பேரழிவு. கடைசி நிலைக்குக் காத்திருக்க அம்மா சம்மதிக்கவில்லை. போகுமிடம் சிட்னியின் ரூங்காபியில் தங்கை வீடு.

ஒக்டோபர் 17, வெள்ளிக்கிழமை

2013இல் இதே நாள். லிங்ஸ்வியூ வீதியில் தொடங்கிய நெருப்பு ஸ்பிரிங்வுட், வின்மலி, யெல்லோ ரொக் வழியாக ஓடியது. புளூ மவுண்டன்ஸில் ஏறத்தாழ 200 வீடுகள் போயின. ஒக்டோபர் நடுவில், கோடை தொடங்கவே இல்லை.

மாலையில் பெரியவரோடு நடந்தேன். புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளை அவர் கையால் காட்டிக்கொண்டே வந்தார். இது போனது, இது நின்றது, இது போனது. அன்று எத்தனை வீடுகளைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. சற்று நேரம் பேசாமல் நடந்தார்.

"நின்ற வீடுகள் எனக்கு நினைவில்லை. நிற்காமல் கடந்துபோன வீடுகள்தான் நினைவிருக்கின்றன" என்றார். ஒரு வண்டி, ஐந்து பேர், ஒரு தெரு முழுதும் தணல். ஒவ்வொரு வீட்டுக்கும் சில விநாடிகள். மரக்கிளை கூரையில் சாய்ந்து, பீலி நிறையச் சருகு எரிந்து, உள்ளே போனால் திரும்பும் வழி இல்லாத வீடு என்றால் அடுத்ததற்குப் போக வேண்டும். யாருடைய வீடு என்று தெரிந்தும் போக வேண்டும். கடையில், பள்ளிக்கூட வாசலில், அந்த வீட்டுக்காரரை மறுவாரம் சந்திக்கவும் வேண்டும்.

நன்றி என்று எதை நினைத்திருந்தேன்? கேக், வாழ்த்து அட்டை, உண்டியலில் பத்து டொலர். அவை வேண்டாம் என்றல்ல. ஆனால் இந்த மனிதர் என் வீட்டைப் பார்த்து அந்தச் சில விநாடி முடிவை எடுக்கும்படி நான் வைக்கக் கூடாது. என் வளவில் நான் செய்யாமல் விட்ட வேலையை அவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இதை இத்தனை காலம் நான் யோசிக்கவே இல்லை.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

நேற்று மாலை "தீவிரம்" என்று வந்தது. முழுத் தீத்தடை. மேற்குக் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல வீசியது. ஏழரைக்கே புறப்பட்டோம். தெருக்கோடியில் தனியாக இருக்கும் மூதாட்டியையும் ஏற்றிக்கொண்டோம். அவர் வீட்டுப் பீலியைத் தொண்டர்கள் போன மாதம் இலவசமாகத் துப்புரவு செய்து கொடுத்தார்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பலருக்குத் தெரியாது. கேளுங்கள், செய்து தருவார்கள்.

ரூங்காபியில் பகல் முழுதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளத்தாக்கின் மறுபுறம் சிறிய நெருப்பு ஒன்று, நான்கு வண்டிகள். இரவில் அடங்கிவிட்டது. "ஒன்றும் நடக்கவில்லையே, வீண் அலைச்சல்" என்றான் மகன். ஒன்றும் நடக்காமல் இருக்க நான்கு வண்டியில் ஆட்கள் நின்றார்கள் என்று அம்மா சொன்னார்.

நவம்பர் 17, திங்கட்கிழமை

பெரியவர் நேற்றுப் பதினான்கு மணி நேரம் அங்கே நின்றிருக்கிறார். சுவாலை அடங்கிய பின்னர்தான் நீண்ட வேலையாம்: விறாண்டி மண்வெட்டியால் விளிம்பைக் கொத்தி, எரிந்த அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கிளறி நனைத்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் சூடு பார்ப்பது. இதைத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை.

அம்மா தேசிக்காயில் உப்பும் சீனியும் போட்டுக் கரைத்து ஒரு போத்தலில் கொடுத்துவிட்டார். பெரியவர் வாசலிலேயே நின்று முழுவதையும் குடித்தார்.

டிசெம்பர் 3, புதன்கிழமை

கார்த்திகை விளக்கீடு. ஊரில் வாழைக்குற்றி நட்டு, தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய்த் துணி வைத்து, வாசலில் கொளுத்துவோம். இங்கே வெளியில் ஒரு சுடரும் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். சுவாமி அறையில், வெண்கலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஐந்து சிட்டி விளக்கு. அணையும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

டிசெம்பர் 19, வெள்ளிக்கிழமை

2019இல் இந்த இரவு, பக்ஸ்ரன் அருகே ஒரு மரம் விழுந்து வண்டி புரண்டதில் ஹோர்ஸ்லி பார்க் பிரிகேட்டின் ஜெஃப்ரி கீற்றனும் ஆன்ட்ரூ ஓட்வயரும் இறந்தார்கள். இருவரும் இளம் தகப்பன்மார், இருவருக்கும் கைக்குழந்தைகள். ஹோர்ஸ்லி பார்க் அப்போது நாங்கள் இருந்த இடத்திலிருந்து அதிகத் தூரம் இல்லை. அந்தக் கோடையில் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 26 பேர் இறந்தார்கள். 2,448 வீடுகள் அழிந்தன. 55 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. எனக்கு நினைவிருப்பது புகையும், செம்பு நிறத்தில் தொங்கிய சூரியனும், மகனைப் பள்ளிக்கூடத்தில் வெளியே விளையாட விடாததும்தான். நெருப்பு வேறு யாருக்கோ நடந்தது என்று இருந்தேன்.

இன்று மாலை நிலையத்தில் எல்லோரும் கூடினார்கள். போன மாதம் நான் உதவிப் பிரிவில் பெயர் கொடுத்தேன். குழாய் பிடிக்க அல்ல, தொலைத்தொடர்பும் சாப்பாடும். தொண்டர் என்றால் மஞ்சள் உடுப்பு மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்கியிருப்பவர்கள் இதை அறிய வேண்டும். அம்மாவும் வந்திருந்தார். பருத்தித்துறை வடை ஒரு பெட்டி நிறையச் சுட்டு எடுத்துவந்தார். ஒரு நிமிட மௌனம். பிறகு தேநீர்.

கோப்பைகள் பாதி நிறைந்திருந்தபோது பேஜர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. கப்டன் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். பெரியவர் ஏற்கெனவே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் கதவு உயர்ந்தது, வண்டி போய்விட்டது. நெருப்பு, ஹோக்ஸ்பரி வீதியோரப் புல்வெளியில். நான் வானொலிப் பெட்டியின் அருகில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்தேன்: 7.42.

அம்மா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். மிஞ்சிய வடையை மூடி, அவர்கள் திரும்பியதும் கண்ணில் படும்படி மேசை நடுவில் வைத்தார். பிறகு விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.