எங்கள் கூட்டு வயது 81

12 ஜனவரி 2025, நாகர்கோவில்

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகும் முன்பே முடிவைச் சொல்லிவிடுவது என்று நானும் என் கணவரும் ஒப்புக்கொண்டோம்: இனி ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை இல்லை. ஊசிகளையும் ஸ்கேன்களையும் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. போன வாரம் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அவர் வண்டியை ஓரங்கட்டி, "உனக்குப் பிள்ளை வேணுமா, பேறுதான் வேணுமா?" என்று கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் கோபம் வந்திருக்கும். பிள்ளைதான் என்றேன்.

2 பிப்ரவரி 2025

தத்தெடுப்புச் சட்டங்களைப் படித்தபோது எங்கள் கல்யாணக் கதையே திரும்பி வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம், பௌத்தர், சமணர், சீக்கியர் உள்ளிட்ட இந்துக்களுக்கானது. அவர் கிறிஸ்தவர் என்பதால் அந்த வழி எங்களுக்கு அடைபட்டது. மதம் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். 2013இல் திருமணத்துக்கும் இப்படித்தான் தேடினோம். அவரை மாறச் சொல்ல எனக்கு மனமில்லை, என்னை ஞானஸ்நானத்துக்கு அழைக்க அவருக்கும் மனமில்லை. ஆகவே 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ், எங்கள் பெயரும் வயதும் முகவரியும் எழுதிய அறிவிப்பு, சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் ஆட்சேபணைக்காக 30 நாட்கள் தொங்கியது. பத்திரம் பதியப் போன என் பெரியப்பா அதை வாசித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். அந்த மாதம் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. கையெழுத்துப் போட வந்த 3 சாட்சிகளில் என் பக்கத்து ஆள் சித்தி ஒருத்திதான். இன்று அம்மா அவரோடு ஃபோனில் பேசும் நேரத்தில் பாதிகூட என்னோடு பேசுவதில்லை.

9 மார்ச் 2025

காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தளத்தில் பதிவுசெய்து, ஆவணங்களையும் ஏற்றிவிட்டோம். குறைந்தது 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்வு வேண்டும் என்பதற்குச் சான்றாக அதே திருமணச் சான்றிதழைத்தான் ஸ்கேன் செய்தேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. என் 39ஐயும் அவருடைய 42ஐயும் கூட்டி, "நாலு மார்க் மிச்சத்துல பாஸ்" என்றார் கணக்கு வாத்தியாரான அவர். ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் எதுவானாலும் சரி என்று குறித்தோம். அதில் மட்டும் ஒரு பேச்சும் எழவில்லை.

24 ஏப்ரல் 2025

ஆவணங்கள் ஏற்றியதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டிய இல்ல ஆய்வுக்காக, சமூகப் பணியாளர் ஒருவர் இன்று வந்தார். வருமானம், உடல்நலம், யார் வேலையை விட்டு வீட்டில் இருப்பார் என்று எங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கேட்டார். அவருடைய அம்மா, என் அத்தை, காலையிலேயே நல்ல சேலை உடுத்தி, ஏத்தங்காய் வறுத்துத் தட்டில் வைத்துக் காத்திருந்தார். தத்துப் பிள்ளைக்குச் சொத்தில் சம உரிமை உண்டு, உங்களுக்குச் சம்மதந்தானா என்று கேட்டதற்கு, "இவ லோன் போட்டுக் கெட்டுன வீடு மக்களே இது. இவ பிள்ளைக்கு இல்லாம வேற யாருக்கு?" என்றார். கல்யாணத்தன்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாதவர் இவர். எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

6 ஜூன் 2025

இல்ல ஆய்வு அறிக்கை தளத்தில் ஏறிவிட்டது. அது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். சின்னக் குழந்தைக்குக் காத்திருப்பு அதற்கும் மேல் நீளலாம் என்கிறார்கள். பெயர் விஷயத்தில் இரண்டு பாட்டிகளுக்கும் இப்போதே போட்டி; வருகிற பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கலாம் என்று சொன்னால் இருவரும் காதில் வாங்குவதில்லை. குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும் என்பதால், பள்ளி திறந்ததுமே அவர் தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, வகுப்பிலும் கைபேசியை அணைக்காமல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார்.