கடித்த நாயின் முகவரி

நாய்க்கடி என்று விசர்நோய் (ரேபிஸ்) பயத்தோடு வருபவரின் பெயர், வயது, காயத்தின் அளவு எல்லாம் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏறிவிடும். விடுபடுவது நாயின் முகவரி. ஆருடைய நாய், எந்த வளவு, கட்டி வைத்திருக்கிறதா, தடுப்பூசி அட்டை உண்டா என்ற விவரம் அன்றைக்கே பி.எச்.ஐக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கால்நடை வைத்தியருக்கும் தொலைபேசியில் போக வேண்டும். கடிதமாக அனுப்பினால், அது போய்ச் சேரும்போது நாயை அடித்துப் புதைத்திருப்பார்கள்.

காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லாத வீடுகளில் வாளியால் தொடர்ந்து ஊற்றினாலும் சரி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் பூசுவது புண்ணைக் கெடுக்கும். விசகடிப் பரியாரிமாரைத் திட்டிப் பயனில்லை. சனம் முதலில் போவது அவர்களிடம்தான்; அவர்களுடன் பேசி, நாய்க்கடியை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வைப்பது கூட்டம் போடுவதைவிடக் கைகொடுக்கும். ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு சீரமும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) தேவை: மனிதச் சீரம் உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரைச் சீரம் 40. அது காயத்துக்குள்ளும் சுற்றிலும் ஏற்றப்பட வேண்டும். சிறிய ஆஸ்பத்திரிகளில் இருப்பில் இராது என்பதால், ஆளை அனுப்புமுன் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் சீரம் கொடுப்பதில்லை.

நாய் உயிரோடு சுகமாக இருந்தால் கொல்லக்கூடாது. இரட்டைச் சங்கிலியில், நிழலில் கட்டி 14 நாள் கண்காணிக்க வேண்டும். சாப்பாட்டை ஒரே ஆள் தடியால் தள்ளி வைக்கட்டும். கடித்த வேளையில் எச்சிலில் விசர்க் கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் நாய் நோய்ப்பட்டுச் செத்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்: மூன்றாம் நாள் நாய் சாப்பிடவில்லை என்று அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அது காட்டுக்குள் போய்விடும். நாய் சுகமாகத் தெரிகிறதென்று ஊசியைப் பிந்தப்போடவும் கூடாது. தொடங்கிய ஊசியை எப்போது நிறுத்தலாம் என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

"தம்பி, நாயை எரிச்சுப்போட்டம், இனிப் பயமில்லைத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எரித்தால், விசர் இருந்ததா என்று மூளையைச் சோதிக்க முடியாது. மண்டையில் அடித்து நசுக்கினாலும் அதே கதைதான். செத்த நாயின் தலையை, தடுப்பூசி போட்டுக்கொண்ட கால்நடை அலுவலர்தான் கையுறையும் முகக்கவசமும் அணிந்து வெட்ட வேண்டும். இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, ஒழுகாத டப்பாவில் வைத்து, சுற்றிலும் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பலாம். போமலினில் (உடல் கெடாமல் வைக்கும் திரவம்) போடாதீர்கள், உறைய வைக்கவும் வேண்டாம். ஏ9 வீதியில் பகல் பஸ்ஸில் ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும். இரவுப் பயணமும் வாரநாளும் பார்த்து, ஆள் கையில் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. வெள்ளி பின்னேரம் அனுப்பினால் பெட்டி சனி, ஞாயிறு முழுதும் கிடக்கும். பெட்டியோடு போகும் படிவத்தில் கடிபட்ட எல்லோரின் விவரமும், முடிவைச் சொல்ல வேண்டிய தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும்.

முடிவு வரும்வரை ஊரில் சும்மா இருக்கக்கூடாது. வன்னியில் வீடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால், வாசிகசாலையில் நாய்த் தடுப்பூசி முகாம் வைத்தால் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வரும் சாதுவான நாய்கள்தான் கிடைக்கும். மாட்டுப்பட்டி நாய்களும் குளத்து மீன்வாடி நாய்களும் வரா. கிராம சேவையாளரோடு வீடுவீடாக, ஆட்கள் வயலுக்குப் போகுமுன் காலையில் போகவேண்டும். நாயொன்றுக்குத் தோலுக்குக் கீழ் 1 மி.லீ. தடுப்பூசி போட வேண்டும். மருந்து 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டி உறைந்தால் வீண். ஊசி போட்ட நாயின் கழுத்தில் நிறப்பட்டி கட்டி, அடுத்தநாள் விடிய வீதியில் எண்ணிப் பாருங்கள். பத்தில் ஏழுக்குக் குறைவாகப் பட்டி தெரிந்தால் மறுபடி இறங்க வேண்டும்.

மாட்டு விஷயத்தில் தகவல் மறுபக்கமாக ஓட வேண்டும். வீணீர் ஒழுகி, தீனை விழுங்க முடியாமல், தொண்டை கரகரத்துக் கத்தி, அடிக்கடி முக்கும் மாட்டுக்கு மாங்கொட்டை அடைத்துவிட்டதென்று வெறுங்கையை வாய்க்குள் விடுவார்கள். அது விசராகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தவுடன் கால்நடை வைத்தியர் சுகாதாரப் பணிமனைக்குச் சொல்லவேண்டியவை: வாய்க்குள் கைவிட்டவர், பால் கறந்தவர், காய்ச்சாத பால் குடித்தவர் யார் யார், எந்த வீடு.